கயலின் ஸ்குவாட்ரனில் சம்பந்தி வீட்டார்

பிப்ரவரி 4, புதன்

காலையில் நல்ல பனி. முறுக்கு மாவு அரைச்சாச்சு. வெள்ளிக்கிழமை கிளம்பணும். எம்பொண்ணு கயல் ஏர்ஃபோர்ஸில் விமானம் ஓட்டப் பழகுற இடத்துக்கு வீட்டு ஆட்கள் வந்து பாக்கலாம்னு கூப்பிட்டிருக்காங்க. எந்த ஊர்னு இதில்கூட எழுதமாட்டேன். எங்கேயும் எழுதாதம்மான்னு சொல்லி வச்சிருக்கா.

எடுத்துவைக்க: முறுக்கு, பருப்புப்பொடி, தேங்காய் எண்ணெய், ஆதார் கார்டு, இவரோட பிரஷர் மாத்திரை.

சாயங்காலம் உடையார்பாளையத்திலிருந்து இவரோட அண்ணன் போன். அவரும் வர்றாராம். வேன் பிடிச்சிட்டாராம். "கூட ரெண்டு பேரு வராங்கம்மா. நம்ம சொந்தந்தான். கயலுகிட்ட சொல்லி பேரு குடுத்தாச்சு."

கயல் இதுக்குப் பரீட்சை எழுதினப்போ, "பொட்டப்புள்ளைய ஆகாசத்துல வுட்டுட்டு கீழ நின்னு பாக்கப்போறீங்களா"ன்னு கேட்ட மனுசன். ரெண்டு வருசம் எங்க வீட்டுப் படி ஏறல. இப்ப வேன்! இவர்கிட்ட சொன்னேன். "வரட்டுமே"ன்னார். எதைச் சொன்னாலும் இந்த ஒரு பதில்தான்.

பிப்ரவரி 6, வெள்ளி

லாட்ஜில் உக்காந்து எழுதுறேன். கோபம் அடங்கல.

அந்த ரெண்டு பேர்: அரியலூரில் பெட்ரோல் பங்க் வச்சிருக்கவரும் அவர் சம்சாரமும். எந்த வழியில் சொந்தம்னு கேட்டேன். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். டீக்கடையில் அந்தம்மாவே சொல்லுது: "எங்க பையன் துபாய்ல இருக்கான். உங்க பொண்ணு போட்டோ பாத்தோம். நேர்லயும் ஒரு தடவ பாத்துடலாம்னுதான்."

பொண்ணு பாக்க வராங்க! பெத்தவளுக்குத் தெரியாது. பொண்ணுக்கும் தெரியாது. இவருக்கு? தெரியுமாம். "சும்மா பாக்கத்தானே, பாத்துட்டுப் போகட்டுமே."

கயலுக்குச் சொல்லிடலாம்னு நாலு தடவை போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். திரும்பிப் போயிடலாமான்னு நினைச்சேன். புள்ள எதிர்பார்த்துக்கிட்டிருப்பா.

பிப்ரவரி 7, சனி

கேட்டிலேயே போனை வாங்கி வச்சுக்கிட்டாங்க. "நான் மாஜி பஞ்சாயத்து தலைவரு"ன்னார் அண்ணன். அந்தக் காவல்காரனுக்குத் தமிழும் தெரியல, தலைவரையும் தெரியல. டோக்கனைக் கையில் குடுத்தான். மனசுக்கு இதமா இருந்துச்சு.

கயல் பச்சை ஓவரால் போட்டு நின்னா. ஓடிவந்து கட்டிக்கல. விறைப்பாதான் நின்னா, கண்ணு மட்டும் சிரிச்சுது. இளைச்சிருக்கா.

சுத்திக் காட்டினவங்க ஒரு மேடம், ஸ்குவாட்ரன் லீடர். பாலக்காட்டுப் பக்கம். தமிழ் நல்லாவே பேசினாங்க. ஒரு அறை முழுக்க ஹெல்மெட். ஒவ்வொண்ணிலும் ஒரு பேர். கயல் பேரும்! தொட்டுப் பாத்தேன். கண்ணுக்கு மேல ரெண்டு கண்ணாடி, ஒண்ணு கறுப்பு, ஒண்ணு வெள்ளை. மூக்கையும் வாயையும் மூடுற மாஸ்க்கில் மூச்சுக்கு ஆக்ஸிஜன் வருது, பேசுற மைக்கும் அதுக்குள்ளேயே.

அப்புறம் ஒரு கால்சட்டை. விமானம் சட்டுனு வளைஞ்சா தலையில் இருக்கிற ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிடுமாம், மயக்கம் வருமாம். அப்படி ஆகாம இருக்க இதில் தானா காத்து ஏறி வயித்தையும் காலையும் இறுக்கிப் பிடிக்குமாம். என் கையை உள்ள விடச் சொல்லி காத்தடிச்சுக் காட்டினாங்க. பிரஷர் பாக்குற பட்டை மாதிரி, அதைவிட முரட்டுப் பிடி. இதைக் கட்டிக்கிட்டுத்தானா எம்புள்ள தினம் போறா?

அடுத்து விமானத்தில் உக்கார்ற சீட்டு. ஆபத்துன்னா பிடியை இழுக்கணும். அடியில் ராக்கெட் வெடிச்சு ஆளையும் சீட்டையும் சேர்த்து வெளியே தூக்கி எறியும், பாராசூட் தானா விரியும். மேடத்தைக் கேட்டேன்.

"வலிக்குமாங்க?"

"வலிக்கும்மா. உயிரோட இருந்தாத்தானே வலிக்கும்."

அந்தப் பதில் எனக்குப் பிடிச்சுது. அதை முழுசா மனசில் வாங்கிக்கிறதுக்குள்ள பங்க்காரம்மா: "இப்படித் தூக்கிப் போட்டா இடுப்பு என்னத்துக்கு ஆவும்? நாளைக்குப் புள்ள பெத்துக்க முடியுமா?"

கயல் பக்கத்திலேயே நிக்கிறா. கூடப் பழகுற பசங்க ரெண்டு பேர் எதிரில் நிக்கிறாங்க.

அண்ணன் சும்மா இருந்தாரா? "அதெல்லாம் கவலப்படாதீங்க. ஒரு வருசம் ஓட்டட்டும், யூனிபார்ம்ல நாலு போட்டோ எடுத்துக்கட்டும். கல்யாணத்துக்கு அப்புறம் எழுதிக் குடுத்துட்டு வந்துரும்."

மேடம் முகத்தில் இருந்த சிரிப்பு போயிடுச்சு. கயலைப் பாத்து, "உங்க வீட்டு ஆளுங்கள கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னாங்க. அவ்வளவுதான். விமானத்துப் பக்கத்தில் கூட்டிட்டுப் போறதா இருந்துச்சு. போகல.

கேன்டீன் வாசலில் கயல் என்னைத் தனியா இழுத்தா. "என்னம்மா இது? ஒரு சின்ன தப்பு பண்ணினாகூட பொண்ணுன்னாலே இப்படித்தான்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்து பயந்து பழகுறேன். நீ இங்கயே பொண்ணு பாக்க ஆளக் கூட்டிட்டு வரியா?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுடி."

நம்பினாளான்னு தெரியல. முறுக்கு டப்பாவை வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டா. இவர் டீயை ஆத்தி ஆத்திக் குடிச்சுக்கிட்டிருந்தார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வெயில் சுள்ளுனு. எங்க ஊர் பெரம்பலூர் நாலு ரோட்டில் எங்களை இறக்கிவிடல. வேன் அரியலூர் பக்கம் திரும்பிடுச்சு. "கல்லங்குறிச்சி பெருமாள சேவிச்சுட்டுப் போவோம்"ன்னார் அண்ணன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்தோம். தலையெல்லாம் புழுதி. வழியெல்லாம் அந்தம்மா பேச்சு: "நெறந்தான் வெயில்ல போயிருக்கு. வூட்டோட இருந்தா வந்துரும்."

எம்பொண்ணு என்ன துவரம்பருப்பா, நிறம் பாத்து வாங்க?

கோயிலில் கும்பிட்டு வெளியே வந்தா, பங்க்காரம்மா பையிலிருந்து வெள்ளித்தட்டு. வெத்தலை, பாக்கு, ஆப்பிள், பூ. எல்லாம் தயாரா இருந்திருக்கு. "நல்ல நாளு, தட்ட மாத்தி உறுதி பண்ணிக்குவோம்."

என் கைக்கு நேரா நீட்டினாங்க. வாங்கல.

"பொண்ணுகிட்ட கேக்கணும்ங்க."

"பொண்ணுகிட்ட என்னம்மா கேக்குறது, நாங்கல்லாம் இருக்கோம்ல?" இது அண்ணன்.

"அப்ப நீங்களே கட்டிக்குங்க மாமா."

வாயிலிருந்து அப்படியே வந்துடுச்சு. கோயிலுக்கு வந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. ஒருத்தர் சிரிச்சார். இவர் செருப்பைத் தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டார், செருப்பு காலில்தான் இருந்துச்சு.

நடந்தேன். டவுன் பஸ் ஏறி அரியலூர், அங்கிருந்து பெரம்பலூர் பஸ். இவர் அவங்க வேனிலேயே வந்து சேர்ந்தார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மேகமூட்டம். ஆபீஸில் வேலை ஓடல.

வந்த போன்கள்: நாத்தனார் ("அண்ணிக்கு வாய் ஜாஸ்தியாயிடுச்சு"), ஓரகத்தி (அழுகை), அரும்பாவூர் சித்தப்பா ("துபாய் மாப்பிள்ளைய யாராச்சும் வுடுவாங்களா?").
வராத போன்: கயல்.

இவர் சாப்பிடுறார், தூங்குறார், டிவி பாக்குறார். அத்தனை பேர் முன்னாடி பெத்த பொண்ணு கூனிக்குறுகி நின்னதைப் பத்தி ஒரு வார்த்தை? கிடையாது. அண்ணன் மனசு கஷ்டப்பட்டுச்சாம், அது மட்டும் ரெண்டு தடவை சொன்னார். குழம்பில் உப்பு போட மறந்துட்டேன். சொல்லட்டும்னு இருந்தேன். அதையும் சொல்லல.

பிப்ரவரி 15, ஞாயிறு

அண்ணன் காலையிலேயே வந்துட்டார். பஞ்சாயத்து. பங்க்காரங்க இன்னும் காத்திருக்காங்களாம், பெரிய மனசாம். நான் மன்னிப்பு கேட்டா எல்லாம் சரியாயிடுமாம். நான் அடுப்படியில் காபி கலக்கிக்கிட்டிருந்தேன், அவ்வளவும் காதில் விழுந்துச்சு.

அப்போ இவர் போன் அடிச்சுது. கயல். ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா! இன்னைக்கு தனியா ஓட்டினேன்ப்பா. பின் சீட்டுல சார் இல்ல. நான் மட்டும். ஒரு சுத்து சுத்தி வந்து எறக்கிட்டேன். மேடம் தலையில ஒரு வாளி தண்ணிய ஊத்திட்டாங்க, இங்க அப்படித்தான் கொண்டாடுவாங்க. அம்மா எங்கப்பா? அம்மாகிட்ட குடு."

இவர் போனை என்கிட்ட குடுத்துட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைச்சார்.

பேசி முடிச்சு வந்தேன். அண்ணன் விட்ட இடத்திலேயே பிடிச்சார்: "சரி, சந்தோசம். அந்தத் தட்டு விசயம்..."

"அண்ணே," இவர்தான். இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. "எம்பொண்ணு இன்னைக்கு ஒத்தையில பறந்துட்டு வந்துருக்கா. அந்தப் பேச்ச இனிமே இந்த வூட்டுல எடுக்காதீங்க."

அண்ணன் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். கேட்டைக்கூடச் சாத்தல.

நல்லது. ஆனா இதே வார்த்தையைக் கல்லங்குறிச்சியில் சொல்லியிருந்தா வாய் வலிச்சிருக்குமா? கேட்டேன். இவர் எழுந்து போய் கேட்டைச் சாத்தினார். அண்ணனுக்குப் போட்ட காபியை எடுத்து நானே குடிச்சேன்.