ராணியைப் பிடித்துக் கொடுக்க மாட்டேன், மதினி

என் உயிரான மதினிக்கு,

நீ போன பிறகு நான் போட்ட முதல் சண்டையை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

உன் மகள் கயலின் பாதத்தில் சிவப்பாக ஒரு கோடு வந்தது. முள் கீறியிருக்கும் என்று இருந்துவிட்டேன். அது நாளுக்கு நாள் வளைந்து வளைந்து நீண்டது. அரிப்புத் தாங்காமல் பிள்ளை அழுதாள். இராமேஸ்வரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"நாய் வயித்துல இருக்கிற கொக்கிப்புழும்மா" என்றார் டாக்டரம்மா. "நாய் மலம் போற மண்ணுல முட்டை பொரிச்சு, வெறுங்கால்ல நடக்கிற பிள்ளைக்குத் தோல் வழியா ஏறிருக்கு. மாத்திரை தாரேன், சரியாயிரும். நாய்க்கும் புழு மருந்து குடுங்க."

மருந்து என்ற சொல் மட்டும் ஊர்க் காதில் விழவில்லை. பக்கத்துக் கருவாட்டுக் கொட்டகை முனியசாமி அண்ணன் சாக்குப் பையோடு வந்து நின்றார். நீ வளர்த்த ராணி, நம் கருவாட்டைக் காக்காய் கொத்தாமல் காக்கிற ராணி, அப்போதுதான் மூன்று குட்டி போட்டுப் படுத்திருந்தாள்.

"எல்லாத்தையும் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுருவோம்" என்றார்.

என் அண்ணன், உன் வீட்டுக்காரர், தலையைக் குனிந்துகொண்டு, "தாயில்லாப் பிள்ளை, ஆத்தா. எதுக்கு வம்பு? குடுத்துருவோம்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! முனியசாமி அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"ஏண்ணே, புழு மண்ணுலயும்தான் கெடக்கு. கடக்கரை மண்ணையும் சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போவீகளா? ராணி மேல கை வச்சா நான் மனுசியா இருக்க மாட்டேன்!"

முனியசாமி அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் ராணியையும் குட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கும் புழு ஏறிவிடுமாம், மதினி. நமக்கு எங்கே தெரிந்தது? மாத்திரையை மீனுக்குள் வைத்துக் கொடுத்தால், ராணி மீனை மட்டும் தின்றுவிட்டு அதைத் துப்பினாள். வாயைத் திறந்து உள்ளே தள்ளினேன்.

ஒரு குட்டி பிழைக்கவில்லை. புழு ரத்தத்தை உறிஞ்சியதில் ஈறெல்லாம் வெளுத்து, என் மடியிலேயே அடங்கிப்போனது. அதைப் புதைத்துவிட்டு வந்த கையோடு, கரையில் திரிகிற மற்ற நாய்களுக்கும் மருந்து வாங்கினேன். "நாயாஸ்பத்திரி வச்சிருக்கா" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டுமே!

மறுநாள் காலையில் பார்த்தால் அண்ணன் மண்வெட்டியோடு நிற்கிறார். கொட்டகையைச் சுற்றிக் கிடந்த நாய்ப்பீயை எல்லாம் ஒன்றுவிடாமல் அள்ளினார். என்ன நினைத்து வந்தார் என்று நான் கேட்கவில்லை. நீ இருந்தால் கேட்டிருப்பாயோ?

கயல் கால் ஆறிவிட்டது. செருப்பில்லாமல் இறங்கினால் நான் விடுவதில்லை. ராணியின் உடம்பில் சதை பிடித்திருக்கிறது. முனியசாமி அண்ணன் நாய்களைப் பிடிக்க இன்னும் ஆள் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறார். சேர்க்கட்டும்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன், மதினி. புழு மருந்துக்குத் தவணை தப்ப மாட்டேன். பிள்ளையைக் காட்டி நாயைத் துரத்தச் சொன்னால் எவர் முன்னாலும் நிற்பேன். உன் பிள்ளையும் வளரும், உன் நாயும் வாழும். இரண்டுக்கும் நான் பொறுப்பு.

கயலுக்கு அத்தை,
உனக்கு என்றும் நாத்தனார்,
பூமயில்