எலிக்குப் பக்கத்தில் அப்பாவின் கால்

புந்தோங், ஈப்போ, மலேசியா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி தனேஸ்வரனுக்கு,

அக்கா கலாதேவி எழுதுவது. ஸ்வீடனில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுத மனம் வரவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உனக்கு விருது கிடைத்ததும் புந்தோங் முழுக்க உன் பேச்சுத்தான். சிலிம் ரிவர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஐயாவுவின் மகன் எலிகளை வைத்துச் சர்க்கரை நோயை ஆராய்கிறான் என்று கோயில் தலைவர் அப்பாவு மாமாவுக்கு ஒரே பெருமை. உன் உரையை மண்டபத்தில் திரைகட்டிக் காட்டினார். அப்பாவைச் சக்கர நாற்காலியோடு முன்னால் வைத்து மாலை போட்டார்கள். நீ பேசப் பேச, வாத்தியார் பவித்ரன் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்தக் குண்டு எலியைக் காட்டினாய். அது பிறவியிலேயே அப்படி அமைந்த இனம், வயிறு நிறைந்த சேதி அதன் மூளைக்கு எட்டாது, அதனால் தின்றுகொண்டே இருக்கும், சர்க்கரை ஏறும், முதுகில் நாங்கள் போடும் காயம் லேசில் ஆறாது என்றாய். இதில் எலியின் குற்றம் எதுவும் இல்லை என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த படத்தில் எலியின் காயத்துக்குப் பக்கத்தில் ஒரு கால் வந்தது.

முகமும் இல்லை, பெயரும் இல்லை. ஆனால் காலுக்குக் கீழே கிடந்தது நம் சமையலறைப் பாய்.

அதை உனக்கு அனுப்பியவள் நான். இடது காலில் புண் கறுக்கிறது, என்ன செய்வது என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றாய். பக்கவாட்டிலும் ஒரு படம், நல்ல வெளிச்சத்தில் எடுத்து அனுப்பு என்றாய். வைத்தியத்துக்குத்தான் கேட்கிறாய் என்று நினைத்து, முனகியவரின் காலைத் திருப்பிப் பிடித்து எடுத்தேன். திரையில் வந்தது அந்தப் படம். அந்தக் கால் இப்போது இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா மாலையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எலி மேல தப்பு இல்லயாம் லா, கலா. என்னைய மட்டும் வாயக் கட்டத் தெரியலன்னு ஏசுனான்."

மறுநாள் உன்னிடம் கேட்டேன். முகம் தெரியவில்லையே அக்கா, நாலு பேருக்கு உதவும்தானே என்றாய். உதவட்டும். நீ கேட்டிருந்தால் அவரே கொடுத்திருப்பார். தோட்டத்தில் நம்மோடு இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்த வியாதிதான், என் காலால் ஆனது ஆகட்டும் என்று சொல்லியிருப்பார். நீ கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வலது பாதத்தின் அடியில் புண் வந்தது. என்னிடம் காட்டவில்லை. எப்போதும் இடுப்பில் கட்டிய சாரத்தை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாடை வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஏன்ப்பா மறைத்தீர்கள் என்று அழுதேன். "படம் புடிப்பே" என்றார்.

போன புதன்கிழமை அந்தக் காலையும் எடுத்துவிட்டார்கள். உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதை மீறித்தான் எழுதுகிறேன்.

உன்னை வா என்று நான் கூப்பிடவில்லை. போன் மட்டும் செய். இது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. சர்க்கரை எவ்வளவு என்று விசாரிக்காதே. அங்கே பனி கொட்டுகிறதா என்று கேட்பார், பொறுமையாகச் சொல். சாப்பிட்டீர்களா அப்பா என்றுகூடக் கேட்க வேண்டாம். இப்போதெல்லாம் யார் அதைக் கேட்டாலும், இல்லை என்று பொய் சொல்கிறார்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
கலாதேவி