பழைய பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரி விக்கியை எந்த டேட்டாபேஸில் வைப்பது என்று இன்றும் கூட்டம். எந்த மருந்தை எவ்வளவு கரைப்பது, எந்த மெஷினை எப்படித் துடைப்பது என்று டாக்டர்கள் எழுதி வைக்க, நர்ஸுகள் வார்டில் திறந்து பார்க்கிற மூவாயிரம் பக்கம். அவ்வளவுதான் சரக்கு. இப்போதிருக்கிற சாதாரண டேட்டாபேஸே தாராளம். ஆனால் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தலைவருக்கு அது கௌரவக் குறைச்சல். நாலு சர்வரில் நகல் நகலாகப் பரப்பி வைக்கிற ஒன்று வேண்டுமாம். வாயைத் திறந்தாலே கிளஸ்டர், கிளஸ்டர். அதையே அவருக்குப் பேராக வைத்துவிட்டேன்.

"நாளைக்கே உலகம் பூராவும் வந்து படிச்சா?" என்கிறார். நாங்கள் பெட்பேன் கழுவுகிற முறையை உலகம் எதற்கய்யா படிக்கப் போகிறது?

மார்ச் 6, வியாழன்

கிளஸ்டர் வேகப் பரீட்சை நடத்தினார். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து காட்டினார், திரையில் பச்சைக் கோடு ஏறியது. பெரிய டாக்டர், "கோடு நல்லா இருக்கே" என்றார். இவர் ஈசிஜி பார்ப்பதும் இப்படித்தானா?

மார்ச் 11, செவ்வாய்

அவர் கேட்கும் டேட்டாபேஸை நானே சோதித்தேன். ஒரு பக்கத்தைத் திருத்திச் சேமித்துவிட்டு வேறு கம்ப்யூட்டரில் திறந்தால், சில சமயம் பழையதே வருகிறது. திருத்தம் ஒரு சர்வரில் விழுகிறது. அது அடுத்ததற்குப் போய்ச் சேருவதற்குள் அங்கே படித்தால் பழசு. நடுவில் ஒரு சர்வர் சிக்கிக்கொண்டால் மணிக்கணக்கில் பழசு. சமையல் குறிப்புக்கு ஒத்து வரும். மருந்து அளவுக்கு?

கூட்டத்தில் சொன்னேன். "எழுதினதைத் திருப்பிக் காட்டத் தெரியாத டேட்டாபேஸு. எழுதிப் பார்க்கவே தோணாத ஆளு. பொருத்தம் பிரமாதம்." எல்லோரும் சிரித்தார்கள். கிளஸ்டருக்குக் காது சிவந்துவிட்டது. வயிறு குளிர்ந்தது எனக்கு.

சிரித்து முடித்து, கிளஸ்டர் சொன்னதற்கே கையைத் தூக்கினார்கள். "மேடத்துக்குப் புதுசுன்னாலே அலர்ஜி" — இது கணக்குப் பிரிவுக்காரர். கூட்டலைக் கூட என்னிடம் சரிபார்க்கக் கொடுக்கிற ஜென்மம்.

மார்ச் 24, திங்கள்

மாற்றியாயிற்று. கேக் வெட்டினார்கள். நான் தொடவில்லை.

குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிற என் தங்கை, "சட்டுனு திறக்குதுக்கா" என்கிறாள். வீட்டுக்குள்ளேயே ஒரு ரசிகை!

ஏப்ரல் 9, புதன்

எழுதவே முடியல.

காலையில ஒரு டாக்டர் மருந்து அளவைப் பாதியாக் குறைச்சுப் பக்கத்தைத் திருத்தியிருக்கார். மதியம் தங்கை திறந்தப்போ பழைய அளவுதான் வந்திருக்கு. அதையே கொடுத்துட்டா. குழந்தைக்கு மூச்சு தாழ்ந்துபோய்... இப்ப பரவாயில்லைங்கிறாங்க. இவ பார்த்தேன் பார்த்தேன்னு அழறா. தலைமை நர்ஸ், "சரியாத்தானே இருக்கு? நீ பார்க்காமலே கொடுத்திருக்கே"ன்னு இப்போ திரையைத் திருப்பிக் காட்டுறாங்க. வெள்ளிக்கிழமை விசாரணை. வேலை போயிடும். இனி எங்கேயுமே நர்ஸா இருக்க முடியாம போயிடுமோ?

ஏப்ரல் 10, வியாழன்

சர்வர் பதிவுகளைப் பார்த்துவிட்டேன். குழந்தைகள் வார்டு படிக்கிற சர்வர் நேற்றுக் காலையிலிருந்தே சிக்கிக் கிடந்து, மதியத்துக்குப் பிறகுதான் புதுப் பக்கத்தை வாங்கியிருக்கிறது. நாளைக்குக் கிளஸ்டரைத் துவைத்துக் காயப்போடப் போகிறேன். வாக்கியங்கள் தயார். கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தாயிற்று.

தங்கை சாப்பிடவில்லை. "குழந்தை பால் குடிச்சுச்சான்னு கேட்டுச் சொல்லுக்கா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

விசாரணையில் நான் பேச எழுந்திருப்பதற்குள் கிளஸ்டர் எழுந்துவிட்டார். கையில் அதே பதிவுகள். அவரும் தோண்டி எடுத்திருக்கிறார்.

"நர்ஸ் மேல தப்பே இல்ல சார். அவங்களுக்கு வந்தது பழைய பக்கம். இந்த டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்தது நான்."

"இப்படி ஆகும்னு யாருமே சொல்லலையா?" என்றார் பெரிய டாக்டர்.

"மேடம் சொன்னாங்க. என்னைக் கேலி பண்ணிச் சொன்னாங்க. எனக்குக் கேலி மட்டும்தான் சார் காதுல விழுந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. தங்கை தப்பித்தாள். வெளியே வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் தயார் செய்து வைத்த ஒரு வாக்கியத்துக்கும் வேலை வரவில்லை. சே.

ஏப்ரல் 15, செவ்வாய்

பக்கங்களைப் பழைய டேட்டாபேஸுக்கே திருப்புகிறோம், அவரும் நானும். இது முடிந்ததும் அவரை வேலையை விட்டே போகச் சொல்லியிருக்கிறார்கள்.

பக்கங்களை மாற்ற அவர் எழுதிய புரோகிராமில் ஒரு ஓட்டை. பள்ளிக்கூடப் பிள்ளை கூட விடாது. கேலி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"இந்த வரியில திருத்தின தேதி விட்டுப்போயிருக்கு சார்" என்றேன்.

"எங்கே?" என்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.