விருந்துக்கு வெளியே நின்றவருக்கு

ஏனுங்க,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆனால் நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று எனக்கு நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது. அங்கே ஒரு குறையும் இல்லை என்று அடக்க ஆராதனையில் ஆயர் சொன்னார். குறை இல்லாத இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள், பாவம்?

அழுது முடித்தாயிற்று. இப்போது கோபம்தான் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். போன வாரம் பெண்கள் ஜெபக்கூட்டம் முடிந்ததும் வனஜா அக்கா என்னை ஓரமாகக் கூட்டிப் போய்க் கேட்டார்: "ஏனம்மணி, உங்கூட்டுக்காரரு ஆயத்தமாத்தான் போனாருங்களா?" நீங்கள் பட்டறையில் பாதி கட்டின மோட்டார் காயிலை மடியில் வைத்துக்கொண்டே சாய்ந்துபோனீர்கள். ஒரு வார்த்தை ஜெபிக்கக்கூட நேரமில்லை. நான் என்னவென்று பதில் சொல்லட்டும்?

அந்த அக்காவையும் குறை சொல்ல முடியாது. உங்கள் லட்சணம்தான் போத்தனூரில் சபைக்கே தெரியுமே. முதல் ஞாயிறு திருவிருந்து என்றால், முந்தின நாள் சாயந்திரம் ஆயத்த ஆராதனைக்கு முதல் ஆளாய்ப் போய் உட்காருவீர்கள். பாவ அறிக்கையை எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்வீர்கள். வீட்டில் அன்றைக்குக் கறி கூடாது, டிவி கூடாது. விடிந்ததும் தேய்த்த வெள்ளைச் சட்டை வேறு. பிரசங்கம் முடிந்து, அப்பமும் திராட்சரசமும் வைத்த மேசையின் துணியை ஆயர் விலக்கும்போது திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். வெளியே வேப்பமரத்தடியில், சபையார் கழற்றிப் போட்ட செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஏன் என்றால், தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை. சகோதரனிடம் மனத்தாங்கலை வைத்துக்கொண்டு கர்த்தருடைய மேசைக்குப் போவது ஆகாது. சரிதான், வேதம் தெரிந்த மனுசன். போய் ஒப்புரவாகிவிட்டு வா என்றும் அதே வேதத்தில்தான் இருக்கிறது என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? அந்த இடம் வந்தால் மட்டும் உங்களுக்குக் காது கேட்காது.

அப்படி என்ன பெரிய கொலைப்பகை? உங்கள் தம்பி ஜெயசீலன் செட்டிபாளையம் ரோட்டில் வீடு கட்டினார். வீட்டுப் பிரதிஷ்டைக்கு அழைப்பிதழை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அவ்வளவுதான் சங்கதி. நம்ம பக்கத்தில் புருசனும் பெண்டாட்டியுமாக நேரில் வந்து, தட்டு வைத்து அழைத்தால்தான் அழைப்பு. "கூடப் பொறந்தவனுக்குப் போன்லயா அழைப்பு? ஊட்டுக்கு ஒரு எட்டு வந்தா என்ன, காலு தேஞ்சா போயிரும்?" என்று நீங்கள் போகாமல் படுத்துக்கொண்டீர்கள். அவரோ, சொந்த அண்ணனுக்கு எதற்கு அழைப்பு, முன்னால் நின்று நடத்த வேண்டியவரே அவர்தானே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணன் வரவில்லை என்று அவருக்குக் கோபம். தம்பி அழைக்கவில்லை என்று உங்களுக்குக் கோபம். நடுவில் நானும் அவர் பெண்டாட்டி சாந்தியும் கோயிலில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கக்கூடப் பயந்துகொண்டு இருந்தோம்.

கடவுளுக்குப் பயந்து பந்தியை விட்டு வெளியே நிற்கத் தெரிந்தது. தம்பி வீட்டு வாசலை மிதிக்கத் தெரியவில்லை. ஆயத்தமாகி ஆயத்தமாகியே ஆயுசு முடிந்துபோயிற்றே, சாமி.

இப்போது கேளுங்கள். நீங்கள் போனதற்கு அப்புறம் வந்த முதல் திருவிருந்து. மேசைத் துணியை விலக்கினார்கள். பழக்கதோஷத்தில் வாசல் பக்கம் திரும்பினேன். வேப்பமரத்தடியில் ஆள் நிற்கிறது! நீங்கள்தான் என்று எழுந்தேவிட்டேன். பார்த்தால் உங்கள் தம்பி. குனிந்து செருப்பை அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த மாதமும் அப்படித்தான். சாந்தி போன் போட்டு அழுதாள். வீட்டு ஜெபத்துக்கும் உட்காருவதில்லையாம், சோறும் ஒழுங்காய்த் தின்பதில்லையாம். நானும் அண்ணன் மாதிரி இப்படியே போய்விடுவேன் என்கிறாராம். கோயில் வாசலிலேயே பிடித்துக் கேட்டேன். "அண்ணங்கிட்டப் பேசாமயே அனுப்பிச்சுப்போட்டனுங்க அண்ணி. இனி யாருகிட்டப் போயி ஒப்புரவாகறது? நான் எந்தக் கையிலீங்க அதை வாங்கறது?" என்றார். உங்கள் குடும்பத்து ரத்தத்தை என்னதான் செய்வது? ஒருத்தரைப் பறிகொடுத்தது போதாதா எனக்கு?

வெற்றிலை பாக்கு, பூ, பழம் வைத்துத் தட்டு எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். தாலியில்லாதவள் ஒற்றையாகப் போய் அழைக்கக் கூடாது என்று வனஜா அக்காவே தடுத்தார். ஜோடியாகப் போக நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? ஒற்றையாகவே போனேன். நீங்கள் மிதிக்காத அந்த வீட்டு வாசலில் ஏறி நின்று தட்டை நீட்டினேன்.

"தம்பி, வர்ற ஞாயித்துக்கெழமை திருவிருந்துங்க. குடும்பத்தோட வந்துருங்க" என்றேன்.

அவர் திகைத்துப்போய், அதற்கெல்லாமா அழைப்பு என்றார். தான் இன்னும் ஆயத்தமில்லை என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"அந்த மேசைக்கு உங்கண்ணன் அழைக்கறதில்லீங்க, நானும் அழைக்கறதில்ல. அழைக்கறவரு போன்ல சொல்லி உடல. பரலோகத்த உட்டுப்போட்டு, நேர்ல நடந்து வந்து கூப்பிட்டுட்டுப் போயிருக்கறாரு. அதுக்கு மேல என்னங்க மரியாத வேணும் உங்க குடும்பத்துக்கு?"

அவர் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே அவர் அழுகிற சத்தம் கேட்டது. சாந்தி காப்பி கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன். சர்க்கரை அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஆண்கள் வரிசையில் போய் முழங்காலில் நின்றார். பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டிருந்தார். நெருங்கி வரச் சொல்லி ஆயர் கையைக் காட்டினார். அவர் நகரவில்லை. ஆயரும் புரிந்துகொண்டு, அந்த இடத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டு இவரிடம் வந்தார். தம்பி இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார். அதை நான் பெண்கள் பக்கத்திலிருந்தே பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன். இதை நீங்களும் செய்திருக்கலாமே என்றுதான் அழுதேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் செருப்பெல்லாம் தாறுமாறாகக் கிடக்கிறது, அடுக்க ஆளில்லை. என் செருப்பில் ஒன்று மரத்தடியில், இன்னொன்று எவருடைய பைக்குக்கு அடியிலோ. தேடி எடுத்தேன். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

வனஜா அக்காவுக்குப் பதில் சொல்லிவிட்டேன். அவர் ஆயத்தமாகப் போனாரா என்று எனக்குத் தெரியாது, ஆனால் பந்தி போட்டவருக்கு அவரை நன்றாகத் தெரியும் என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வருவதில்லை. உண்மையைச் சொல்லுங்கள், அங்கேயாவது உள்ளே போனீர்களா? இல்லை, தகுதியில்லை என்று வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்கள் செருப்பை ஜோடி சேர்த்துக்கொண்டிருக்கிறீர்களா?

முதல் ஞாயிறுதோறும் உங்கள் தம்பியை மேசைக்குக் கூட்டிப் போவேன், அது என் பொறுப்பு. எனக்கும் ஒரு நாள் அழைப்பு வரும், வருவேன். அன்றைக்கு நீங்கள் வாசலில் நிற்பதைப் பார்த்தேன் என்றால், அத்தனை தூதர்கள் முன்னாலும் கையைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்துக்கொண்டு போவேன். மானம் போனால் போகட்டும். அதற்குள் நீங்களே போய் உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கு ஓர் இடம் போட்டு வையுங்கள்.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் அம்மணி