சொந்த உபயோகம்

பிப்ரவரி 6
ஆடிட்டரைப் பார்த்தேன். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டால் அது வருமானம்; வரி உண்டு. வாங்கப்போகும் கட்டில், துணி வெளுப்பு, மின்கட்டணம் எல்லாம் செலவில் கழியும். "ஆனா நீங்க வந்து ராத்திரி தங்குற நாளுக்குக் கழியாது சார். சொந்த உபயோகம்னு தனியா எழுதி வைங்க."

எழுதுகிறேன் என்றேன். ஆள் வராத மழை மாதங்களில் மனைவியைப் பராமரிப்பு இல்லத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டி வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்காகத்தான் சம்மதித்தாள். இல்லத்துக்குப் பணம் கட்ட வேறு வழியும் இல்லை.

பிப்ரவரி 9
கண் போன பிறகும் இந்த வீட்டில் அவள் கோல் எடுத்ததில்லை. படுக்கையறைக் கதவு, பீரோவின் முனை, என் நாற்காலியின் முதுகு, சாப்பாட்டு மேசை, அடுப்படி. ஒரு கை விடும்போது மறு கை அடுத்ததைப் பிடித்திருக்கும். இடுப்பெலும்பு முறிந்தபோதும் வழுக்கியது வெளியேதான்.

பிப்ரவரி 20
மைத்துனன் வந்தான். எதைக் கண்டாலும் "தூக்கிப் போடுங்க அத்தான்." பீரோவைப் பார்த்து, "இதைப் படத்துல போட்டா பேய் பங்களான்னு தனிக் கட்டணம் கேக்கலாம்" என்றான். சிரித்துவிட்டேன். பழைய சாமானுக்கு வரியில் ஒன்றும் கிடையாது, புதிதாக வாங்கினால் கழிக்கலாம் என்று ஆடிட்டரும் சொல்லியிருந்தார். பீரோ, நாற்காலி, மேசை மூன்றும் பழைய சாமான் கடை வண்டியில் ஏறின.

கூடம் பெரிதாகத் தெரிகிறது.

மார்ச் 2
ஒரே மாதிரி தட்டுகள், வெள்ளை விரிப்புகள், ஒரு கண்ணாடி மேசை. ரசீதுகளை உறையில் போட்டேன். என் துணிமணிகளோடு மைத்துனன் வீட்டு மாடிக்கு மாறினேன்.

ஏப்ரல் 27
முதல் குடும்பம் வந்து போனது. வீடு பளிச்சென்று இருக்கிறதாம். அவளிடம் சொன்னேன். "நம்ம வீட்டையா சொன்னாங்க?" என்று சிரித்தாள்.

அக்டோபர் 11
காலையில் கூட்டி வந்தேன். வாசலிலேயே, "கையை விடுங்க. என் வீட்டுல எனக்கு நடக்கத் தெரியாதா?" விட்டேன்.

நேரே போய்ப் படுக்கையறைக் கதவைத் தொட்டாள். அங்கிருந்து அடுப்படிக்குத் திரும்பினாள். பீரோ இருந்த இடத்துக்குக் கை நீண்டது. ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். ஓரடி வைத்தாள். கண்ணாடி மேசை முழங்காலில் இடித்தது. விழாமல் பிடித்துவிட்டேன்.

"பீரோ எங்கங்க?"

சொன்னேன்.

"உங்க நாற்காலி?"

அதையும் சொன்னேன். திட்டியிருக்கலாம். புத்தி இருக்கா உங்களுக்கு என்றாவது கேட்டிருக்கலாமே – கேட்கவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாக் கூட்டிட்டுப் போங்க. யார் வீட்டுப் பொருளையோ உடைச்சிடப் போறேன்" என்றாள்.

சாயங்காலமே கிளம்பச் சொன்னாள். இல்லத்தில் கட்டிலிலிருந்து குளியலறை வரை சுவரில் கம்பி இருக்கிறதாம்.

அக்டோபர் 13
பழைய சாமான் கடைக்குப் போனேன். பீரோவைப் பலகை பலகையாகப் பிரித்து விற்றுவிட்டார்கள்.

நவம்பர் 8
மழை. வீடு காலி. கூப்பிட்டேன். "காசு குடுத்து வர்றவங்களுக்கு விடுங்க" என்றாள்.

டிசம்பர் 1
மறுபடி கூப்பிட்டேன். அதே பதில்.

மார்ச் 30
ஆடிட்டரிடம் ரசீதுகளைக் கொடுத்தேன். "சொந்த உபயோகம் எத்தனை நாள் சார்?"

"இல்லை."

"ஒரு நாள் கூடவா தங்கல? நல்லதாப் போச்சு. முழுசாவே கழிச்சிடலாம்."