ஒரு மாதம் என்று சொன்னது

அப்பா,

இன்று காலை ஊர்காவற்துறை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் ஆங்கிலத்தில் அச்சடித்த மருந்துத் தாளை நீட்டினார். "பிள்ளை, இதிலை என்ன கிடக்கெண்டு ஒருக்கால் பார்த்துச் சொல்லும்." இரண்டு தரம் வாசித்த பிறகுதான் வாய் திறந்தேன்.

சண்டை திரும்பத் தொடங்குவதற்கு முன், யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே போக வன்னிப் பாதை திறந்திருந்த கடைசி மாதங்களில், சிங்கப்பூரில் இருந்த அண்ணை உங்கள் ஈரல் கட்டிக்கு வைத்தியம் பார்க்க அங்கே கூப்பிட்டார். கூட வந்தது நான். தொடையில் மெல்லிய குழாயை நுழைத்து, ஈரலுக்குப் போகும் நாடிவரை கொண்டுசென்று, கதிர்வீச்சுள்ள நுண்மணிகளை விடுவார்கள்; அந்த நாடியின் இரத்தத்தில்தான் கட்டி வளர்கிறது, மணிகளும் அங்கேயே போய்த் தங்கும் என்று டாக்டர் சொன்னதைத் தடுமாறித் தமிழில் சொன்னேன்.

"களங்கண்டி வலை மாதிரித்தானே. மீன் போற வழியிலையே கூட்டை வைக்கிறது" என்றீர்கள். பிறகு, "உடம்பு வெளிச்சம் அடிக்குமோ? அடிச்சால் றால் பிடிக்க லாம்பு தேவையில்லை."

மணிகளை விட்ட ஐந்தாம் நாள் வீடு வந்தோம். மறுநாள் அக்காவின் மகனுக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாகப் பிள்ளையை ஏந்த வேண்டியவர் நீங்கள். கைக்குழந்தையைத் தூக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரித் தாளில் இருந்தது. எத்தனை நாளைக்கு என்று அக்கா கேட்டாள். ஒரு கிழமை, ஏழே நாள், என்றுதான் எழுதியிருந்தது. பிள்ளைக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயத்தில், "ஒரு மாதம்" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி.

"உனக்கு வடிவாய்த் தெரியுமோடி?" என்றாள் அக்கா.

"ஓம்."

சித்தப்பா பிள்ளையை ஏந்தினார். நீங்கள் கோயில் வாசலோடு நின்றீர்கள். அக்கா குடும்பம் இன்னும் பத்து நாள் எங்களோடு இருந்தது. நீங்கள் தொட்டிலுக்குக் கிட்டப் போகவில்லை. அவர்கள் வவுனியாவுக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டப்பட்டது; அவர்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

ஒரு பின்னேரம், அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் பிள்ளை. ஒரு கிழமை காணுமெண்டு அங்கை தமிழ் நேர்ஸ் சொன்னவ."

"அப்ப ஏனப்பா பேசாமல் இருந்தனீங்கள்?"

"நாலு பேருக்கு முன்னாலை நீ முதல்முதலாய் வாய் திறந்து ஒண்டைச் சொன்னது அண்டைக்குத்தான். நான் பிழையெண்டு சொல்லியிருந்தால், திரும்ப வாய் திறந்திருப்பியோ?"

கட்டி சுருங்கியது. ஒரு வருடம் கிடைத்தது. பாதை மட்டும் திறக்கவில்லை. பேரனை ஒரு தரம்கூடத் தூக்காமல் போய்விட்டீர்கள்.

இப்போது வேலை பார்க்கும் கந்தோரில் நாலு பேருக்கு முன்னால் பேசுகிறேன், அப்பா. தெரியாததைத் தெரியாது என்றும் சொல்கிறேன். ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும், அந்தப் பத்து நாளும் உங்கள் மடியில் சும்மா கிடந்த இரண்டு கைகளும் என் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன.