ஆயில் கலக்காத பெட்ரோல்

மைசூரு,
செப்டம்பர் 3, இரவு

அன்புள்ள பரத் அண்ணாவுக்கு,

உன் காலில் விழுந்து கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் ரூமில் இருப்பவர்களுக்குக்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டுவிடாதே. அந்த போனை அப்பா தினமும் வாங்கிப் பார்க்கிறார். போன வருஷம் நீ அம்மாவுக்கு அனுப்பிய சால்வைப் பார்சலிலிருந்து உன் முகவரியைக் கிழித்து வைத்திருந்தேன். (சால்வை தன் கம்பெனியில் யாரோ கொடுத்தது என்று அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.) பதிலை என் சினேகிதி நிர்மலா வீட்டு முகவரிக்கு எழுது. தமிழிலேயே எழுது. அவர்கள் வீட்டில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.

அண்ணா, நான் அப்பாவின் யெஸ்டி பைக்கைக் கெடுத்துவிட்டேன்.

போன மாதம் ஒரு நாள் காலையில் அப்பா ஹெப்பாள் பாக்டரிக்கு முதல் ஷிப்ட் போயிருந்தார். அம்மாவும் ஊதுபத்தி கம்பெனிக்குக் கிளம்பிவிட்டாள். ஸ்கூலுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஷெட்டில் தார்ப்பாயைத் தூக்கி, சும்மா உட்கார்ந்து பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நீ உதைக்கிற மாதிரி உதைத்தேன். மூன்றாவது உதையில் கிளம்பிவிட்டது. செத்த வண்டி, செத்த வண்டி என்று அப்பா எல்லோரிடமும் சொல்வாரே, அது கிளம்பியதும் எனக்கு அழுகையே வந்தது. அப்புறம் பயம் போய்விட்டது. காலை நேரத்தில் பின்தெருவில் மெதுவாக ஓட்டப் பழகினேன்.

டேங்கில் பெட்ரோல் தீர்ந்து வந்தது. தண்ணீர் பாட்டிலில் வாங்கி ஊற்றினேன், அம்மாவின் ஸ்கூட்டிக்கு ஊற்றுவது போலத்தான். இந்த வண்டிக்குப் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நேற்றுக் காலை சாமுண்டி மலை ரோட்டில் ஏற்றினேன். பாதி ஏற்றத்தில் தகர டப்பாவுக்குள் கல் போட்டு ஆட்டியது போல ஒரு சத்தம். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. விழுந்துவிட்டேன். முழங்கை சிராய்ப்புதான், பயப்படாதே. நியூட்ரலில் போட்டுக் கீழே வரை உருட்டிக்கொண்டு வந்து ஷெட்டில் நிறுத்தி மூடிவிட்டேன். கால் வைக்கிற கம்பி வளைந்திருக்கிறது. கிக்கர் இறங்கவே மாட்டேன் என்கிறது.

அக்டோபர் முதல் தேதி ஆயுத பூஜை. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அப்பா தார்ப்பாயை எடுத்து வண்டியைத் துடைத்து, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் கையால் தள்ளி ஏற்றுவார். அன்றைக்குப் பார்த்துவிடுவார். நீ போன பிறகு அவர் என்ன சொல்லி வைத்திருக்கிறார் தெரியுமா? "நீயும் அந்த வண்டிகிட்டப் போனேன்னு தெரிஞ்சுது, பத்தாவதோட படிப்ப நிறுத்தி மார்டள்ளியில உங்க அத்தை வூட்டுல கொண்டுபோய் உட்டுருவேன்." அப்பா சொன்னால் செய்வார். உனக்குத் தெரியாததா?

நான் பாலிடெக்னிக்கில் சேர வேண்டும் அண்ணா. என்ன செய்வது, எவ்வளவு ஆகும், சீக்கிரம் எழுது.

அம்மா என் முழங்கையைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் மருந்து போட்டுவிட்டாள். அது இன்னும் பயமாக இருக்கிறது.

உன் தங்கை,
ஸ்ரீதேவி


குல்மர்க்,
செப்டம்பர் 11

அன்பு அம்மிணிக்கு,

அடி உனக்குப் பட்டது முழங்கையில்தானா, வேறெங்கும் இல்லையே? தலையில் ஹெல்மெட் இருந்ததா? அதை எழுதாமல் கிக்கரைப் பற்றி எழுதியிருக்கிறாய். மூன்று வருஷம் கழித்து வீட்டிலிருந்து ஒரு கடிதம் வருகிறது, அதைத் திறந்தால் என்ஜின் ஜாம். நம் குடும்பம் மாறவே இல்லை.

முதலில் அழாதே. ஆயில் இல்லாத பெட்ரோலில் ஏற்றம் ஏறினால் எந்த டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கும் இதுதான் நடக்கும். பிஸ்டன் சூட்டில் ஊதி, அது ஏறி இறங்குகிற பிளாக்கின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நான் இங்கே செய்கிற வேலையே இதுதான். காஷ்மீர்ப் பனியில் ஓடுகிற வண்டிகள். முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் ரப்பர் பெல்ட், நடுவில் நம் வண்டியைப் போலவே ஒரு டூ-ஸ்ட்ரோக் என்ஜின். இப்போது பனி இல்லாததால் பழைய வண்டிகளையெல்லாம் பிரித்துப் போட்டிருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் முதலாளி கேட்பது ஒரே கேள்வி: மேல்பாகத்தை மட்டும் பிரித்துக் கட்டினால் போதுமா, இல்லை, என்ஜினையே தூக்கிப் போடுவதா? நான் சொல்கிற பதிலும் ஒன்றுதான்: திறந்து பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது.

அதனால் திறக்க வேண்டும். மேல் மூடியான ஹெட்டைக் கழற்றி, பிளாக்கை மேலே உருவி எடுத்தால் தெரிந்துவிடும். சுவரில் கீறல் லேசாக இருந்தால் தேய்த்துவிட்டு, பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டு இரண்டாயிரத்துக்குள் முடிக்கலாம். ஆழமாக இருந்தால் பிளாக்கை ஒரு சைஸ் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும், ஐந்து ஆறு ஆயிரம். எனக்கு நினைவிருக்கிற வரை அந்த பிளாக்கில் இன்னும் ஒரு தடவை கடைய இடம் மிச்சம் இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் உள்ளே லைனர் என்கிற புது இரும்புக் குழாயை இறக்க வேண்டும், அல்லது புது பிளாக்கே வாங்க வேண்டும். புதிதென்று விற்பதில் பாதி போலி, அதை நம்பி வாங்காதே. பணத்துக்கு நிர்மலாவின் அம்மா பெயரில் மணியார்டர் போடுகிறேன்.

மெக்கானிக் பசவராஜிடம் போய் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. நான் அவரிடம் பேச மாட்டேன். அப்பா என் பெட்டியை வெளியே வைத்த அன்றைக்கு அவரும் நம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. வண்டி மூன்றாவது உதையில் கிளம்பியது என்கிறாய். நான் வீட்டை விட்டு வந்தபோது அது கல் மாதிரி ஜாமாகி நின்றது. ரிங் ரோட்டில் பந்தயம் ஓட்டி நான்தான் கெடுத்தேன். அதற்குத்தானே அப்பா, "என் வண்டியக் கொன்னுட்டு எம்மூஞ்சியில முழிக்காதடா" என்றார்? ஜாமான என்ஜின் தானாக இளகாது. என்னிடம் எதையாவது மறைக்கிறாயா?

அன்புடன்,
பரத்


மைசூரு,
செப்டம்பர் 19, இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஹெல்மெட் போட்டிருந்தேன். உன்னுடைய பழைய ஹெல்மெட். நான் எதையும் மறைக்கவில்லை. நான் சொல்வதைக் கேட்டால் நீதான் நம்ப மாட்டாய்.

முந்தாநாள் அப்பா ஷிப்டில் இருந்தபோது பசவராஜ் மாமா பையோடு வந்தார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், வாசலில் நின்றது பற்றிய வரியை மட்டும் விட்டுவிட்டு. வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏனம்மா, உங்க வீட்டு ஜனங்களுக்கு பெட்ரோல் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுமா? ஆயில் டப்பாவ யாரும் பார்த்ததே இல்லையா?" என்றார். நான் அழப் போவதைப் பார்த்ததும், அழுதால் பிஸ்டன் துருப்பிடிக்கும் என்று சொல்லி வேலையில் உட்கார்ந்தார்.

பிளாக் லேசில் வரவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி எடுத்தார். உள்சுவரில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடுகள். பிஸ்டனின் ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது. நீ சொன்னாயே என்று, இன்னும் ஒரு சைஸ் கடையலாமா மாமா என்று கேட்டேன். அவர் பிஸ்டனின் தலையைத் துணியால் துடைத்து, அதில் குத்தியிருந்த எண்ணைக் காட்டினார். "இதுதான் கடைசி சைஸ். இதுக்கு மேல கடைஞ்சா சுவரே இருக்காது" என்றார்.

அண்ணன் இன்னும் ஒன்று மிச்சம் என்று எழுதியிருக்கிறானே என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "பாக்கி இருந்தத உங்கப்பா போட்டுட்டார்."

நீ போன அடுத்த மாதம் அப்பா பிளாக்கைக் கழற்றிப் பையில் போட்டு இவர் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். கடைந்து, புது பிஸ்டன் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். யாருக்கும் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கினாராம். நாங்கள் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து அடிக்கடி உதைத்து ஓடவிட்டு, மறுபடி மூடி வைப்பாராம். யாருக்காக இதெல்லாம் என்று பசவராஜ் மாமா கேட்டதற்கு அப்பா, "அவன் வந்து பாத்தா ஓடணுமில்ல" என்று மட்டும் சொன்னாராம்.

நான் உடைத்தது அதைத்தான் அண்ணா. உனக்காகக் கட்டி வைத்ததை. இப்போது முன்னைவிட இரண்டு மடங்கு பயமாக இருக்கிறது.

இனி லைனர்தான் வழி. பிஸ்டன், கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் என்றார். உன் மணியார்டரோடு அவர் மீதியைப் போட்டுக்கொள்வாராம். பிளாக்கை லேத் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஷெட்டில் என்ஜின் தலையில்லாமல் நிற்கிறது. நான் பழைய துணியை அடைத்து, தார்ப்பாயைப் போட்டு மூடியிருக்கிறேன்.

உன்,
ஸ்ரீதேவி


குல்மர்க்,
செப்டம்பர் 25

தேவி,

உன் கடிதத்தைப் பட்டறையிலேயே படித்தேன். மத்தியானத்துக்கு மேல் எந்த வேலையும் ஓடவில்லை. ஒரு நட்டைத் தப்பாக முறுக்கி உடைத்தேன். முதலாளி திட்டினார்.

லைனர் சரிதான். நல்ல வழிதான். ஸ்டாண்டர்டு சைஸுக்கு இறக்கச் சொல், அப்போதுதான் இனிமேல் கடைய இடம் இருக்கும். புது லைனர் போட்ட வண்டியை முதல் ஐநூறு கிலோமீட்டர் விரட்டக் கூடாது. ஏற்றமே கூடாது. ஆயில் கொஞ்சம் கூடவே கலக்கட்டும்.

ஆயுத பூஜைக்குள் மாட்டிவிட்டால் அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்துவிட்டால் நான் சொல்லித்தான் எடுத்தாய் என்று சொல். என்மேல் ஏற்கெனவே இருக்கிற கோபத்தோடு இதுவும் சேரட்டும். உன் படிப்பு நிற்கக் கூடாது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும் போல இருக்கிறது. உன்னிடம் கேட்டு என்ன பயன். இருந்தாலும் எழுதுகிறேன். வண்டியைக் கட்டி வைத்தவர், கட்டி வைத்திருக்கிறேன் என்று எனக்கு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? மூன்று வருஷமாக நான் அதைக் கொன்றதாகவே நினைத்துக்கொண்டு இருக்கிறேனே.

பரத்


மைசூரு,
செப்டம்பர் 30, இரவு

அண்ணா,

எல்லாம் போய்விட்டது. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து புரியாவிட்டால் மன்னித்துவிடு.

நிர்மலா இன்று காலையில்தான் உன் கடிதத்தைத் தந்தாள். உடனே பசவராஜ் மாமாவிடம் ஓடினேன். இன்றைக்கு பிளாக் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார். லேத் கடைக்குக் கூட்டிப் போனார். லைனர் இறக்கியாகிவிட்டது, உள்ளே கடைகிற வேலை மட்டும்தான் பாக்கி. ஆனால் அதற்குள் கடையைக் கழுவி, மெஷினுக்கெல்லாம் மாலை போட்டு, குங்குமம் வைத்துவிட்டார்கள். நம் பிளாக் லேத் மேலேயே மாட்டியபடி இருந்தது. அதற்கும் பொட்டு வைத்து ஒரு செவ்வந்திப் பூவும் வைத்திருந்தார்கள். கெஞ்சிப் பார்த்தேன். பூஜையில் வைத்த மெஷினை இனி விஜயதசமி கழித்துத்தான் தொடுவோம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பசவராஜ் மாமாவும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, எனக்கே தெரியும்.

நாளைக் காலைதானே அப்பா தார்ப்பாயை எடுப்பார், அதற்குள் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அப்பா இன்று லீவு போட்டிருக்கிறார். சாயங்காலமே தேங்காய், பூசணிக்காய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சாப்பிட்டார். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, பூஜைக்கு வைக்க ஸ்பேனர், கட்டிங் பிளேயர் எல்லாம் எடுக்கணும் என்றார்.

அண்ணா, அந்த ஸ்பேனர்கள் வண்டியின் பக்கவாட்டு டூல் பாக்ஸில் இருக்கின்றன. நீ எழுதிய இரண்டு கடிதங்களையும் நான் அதில்தான் ஒளித்து வைத்திருந்தேன். யாரும் திறக்காத இடம் என்று நினைத்தேன். ஆயுத பூஜைக்கு அப்பா முதலில் திறப்பதே அதைத்தான் என்பது எனக்கு மறந்தே போயிற்று.

ஜன்னலில் இருந்து ஷெட் தெரிகிறது. தார்ப்பாயை முழுக்க எடுத்துவிட்டார். நான் அடைத்த துணி வெளியே கிடக்கிறது. அவர் கத்துவார் என்று காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். கத்தவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடியை எடுத்துப் போகவில்லை, அதனால் டார்ச்சைத் தோளில் இடுக்கிக்கொண்டு காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறார். படித்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படிக்கிறார். எந்தக் கடிதம் என்று தெரியவில்லை. சின்னதாகத் தெரிகிறது. நீ கடைசியாக எழுதியதுதான் சின்னது.

என் துணிகளை அம்மா மார்டள்ளிக்குக் கட்ட வேண்டியதுதான். நிர்மலாவிடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரம் இருக்குமோ இல்லையோ. நீ சொல்லித்தான் எடுத்தேன் என்று நான் சொல்ல மாட்டேன். நானேதான் எடுத்தேன். அதை மட்டும் எப்படியாவது

எழுந்துவிட்டார். டார்ச் அணைந்துவிட்டது. பின்கதவு. சமையலறையில் அம்மா ஏதோ கேட்கிறாள். இங்கேதான் வருகிறார் அண்ணா. நான் விளக்கை அணைக்கவில்லை, அணைத்தால் தெரிந்துவிடும்.

கதவைத் தட்டுகிறார். திட்டவில்லை. மெதுவாகத்தான் தட்டுகிறார்.

"தேவி, தூங்கிட்டயா கண்ணு? அந்தப் பேனாவக் கொஞ்சம் குடு, அவனுக்கு